சடையாண்டிக்கு விழுந்த இலந்தைப்பழம்

ஒரு காட்டில் டென்னிஸ் ஆடினார்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். நாட்டில் மட்டும் எதற்கு ஆடுகிறார்களாம்?

யானைகள் படுத்துப் புரண்டு சமமாக்கிய மண்தரை. நடுவே காட்டுக்கொடியில் பின்னிய வலை. நடுவர் ஆந்தையார். பகலில் அவருக்குக் கண் செருகும். அதனால் யாரிடமும் பாரபட்சம் கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பிடித்த ஆட்டக்காரர் நல்ல அடி அடித்தால் பார்க்கிறவர்கள் அவர்மேல் இலந்தைப்பழம் எறிவார்கள். விழுந்ததில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் ஒரு கும்பிடு போட வேண்டும். அதுதான் அந்தக் காட்டில் பெரிய மரியாதை.

சடையாண்டி என்ற கீரிதான் பல வருஷமாகச் சாம்பியன். எந்தப் பந்தையும் விடமாட்டான். மூலைக்கு அடித்தால் மூலையில் நிற்பான். வலையோரம் தட்டினால் வலையோரம் நிற்பான். எதிராளி களைத்துத் தப்புச் செய்யும்வரை திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பான். ஜெயிப்பான். பரிசுத் தேனடையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போவான். அவன்மேல் இதுவரை ஒரு பழம் விழுந்ததில்லை. ஒரு தடவை கொட்டை விழுந்தது. அதுவும் மேலே கிளையில் இருந்த கிளி துப்பியது.

பழமெல்லாம் அலங்காரத்துக்குத்தான். அலங்காரம் என்பது ஒரு புள்ளிமான். வருஷா வருஷம் இறுதி ஆட்டம்வரை வருவான், சடையாண்டியிடம் தோற்பான். தோற்றதும் தலையை ஒரு சிலுப்பு. பிறகு கண் நிறைய நீரோடு வானத்தைப் பார்ப்பான். காடே விம்மும். பழம் கொட்டோ கொட்டென்று கொட்டும். சடையாண்டி தேனடையோடு அதை மிதித்துவிடாமல் நடந்து வெளியே போக வேண்டும்.

அந்த வருஷம் போட்டி தொடங்குவதற்கு முன்னால் ஆட்டக் குழுச் செயலாளர் கரடி அவனைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்ப்பா சடையாண்டி, நீ ஜெயிக்கப் போறேன்னு தெரிஞ்சாலே பாதிக் கூட்டம் எந்திரிச்சுப் போயிடுது. குழுவுல பேசிட்டோம். இந்த வருஷமும் உன்மேல பழம் விழலைன்னா, அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிடறதா இல்லை."

சாம்பியனைக் கூப்பிடாமல் போட்டி எப்படி நடக்கும் என்று சடையாண்டி கேட்டான். போட்டி வைத்தால் சாம்பியன் தானாக ஒருத்தன் வந்துவிடுவான், கூட்டம்தான் தானாக வராது என்றார் கரடி.

டென்னிஸைத் தவிரச் சடையாண்டிக்கு வேறு எதுவும் தெரியாது. கீரியாகப் பிறந்தும் பாம்பைப் பார்த்தால் ஒதுங்கிப் போகும் நிலைக்கு வந்திருந்தான். அலங்காரத்திடம் அப்படி என்னதான் இருக்கிறது என்று ரசிகர்களிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினான்.

முதலில் போனது வெள்ளையம்மாளிடம். எருமை. மூக்கு மட்டும் தெரியச் சேற்றில் படுத்திருந்தாள். அலங்காரத்தின் எந்த அடி பிடிக்கும் என்று கேட்டான்.

"அடியா? நான் எங்க தம்பி பந்தைப் பாக்கறேன்? பாயிண்ட் போனா அந்தப் புள்ளை காதை ஒரு ஆட்டு ஆட்டும் பாரு. எங்க பெரியவன் கன்னுக்குட்டியா இருக்கறப்ப அப்படியேதான் ஆட்டுவான்."

மயிலிடம் போனான். அலங்காரம் கலைஞன், நீ வேலைக்காரன் என்று மயில் ஒரு வரியில் முடித்துக்கொண்டது. முயல்கள் தாங்கள் பரம்பரை பரம்பரையாக மான் கட்சி என்றன. தாத்தா காலத்தில் அலங்காரமே பிறக்கவில்லையே என்று கேட்டான். அது வேறு மான், ஆனால் தாத்தா சொன்னால் சொன்னதுதான் என்றன.

கடைசியில் பொம்முராசு. காட்டுப்பன்றி. சடையாண்டிக்கு அடுத்த புதர்க்காரன். வாசலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தான்.

"அலங்காரம் ஓடைக்கு இந்தப் பக்கத்து ஆளு மாப்ளே. நம்ம பக்கத்தானை நாமதானே தூக்கிவிடணும்."

அலங்காரம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவன் என்றான் சடையாண்டி. இந்தப் பக்கத்தில் பிறந்தது நான், உன் வீட்டுக்கு அடுத்த வீடு என்றான்.

பொம்முராசு கிழங்கை மென்று முடித்தான்.

"அதான்டா சிக்கல். அடுத்த வீட்டுக்காரனுக்கு எவனாவது பழம் எறிவானா? நீ ராத்திரி கொறட்டை விடறது எனக்குத்தானே தெரியும்."

சரி, கேட்டதையெல்லாம் செய்து பார்ப்போம் என்று சடையாண்டி களத்தில் இறங்கினான். முதல் ஆட்டத்தில் காதை ஆட்டினான். காதில் உண்ணி போலிருக்கிறது, பாவம் எதிராளி, ஒட்டிக்கொள்ளப் போகிறது என்றார்கள். அடுத்த ஆட்டத்தில் சிரித்துக்கொண்டே ஆடினான். பல்லைப் பார்த்து முயல்கள் குடும்பத்தோடு வளைக்குள் போய்விட்டன. அதற்கடுத்ததில் வேண்டுமென்றே ஒரு செட் விட்டுக்கொடுத்துக் கண்ணீர் விட்டான். நடிக்கிறான் என்றார்கள். நொண்டினான். நேரம் கடத்துகிறான் என்றார்கள். அதே நாள் சாயங்காலம் அலங்காரமும் நொண்டினான். வெள்ளையம்மாள் அன்று அசைபோடவே இல்லையாம்.

சடையாண்டிக்கு வெறுத்துப்போயிற்று. எப்போதும்போல் ஆடி எப்போதும்போல் ஜெயித்து இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தான். இது கடைசி என்று அவனுக்குத் தெரியும்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராதது நடந்தது. இன்னோர் அரையிறுதியில் அலங்காரம் தோற்றான்.

தோற்கடித்தவன் நல்லசிவம் என்ற முள்ளம்பன்றி. அந்த வருஷம்தான் மலையிலிருந்து புதிதாக வந்த பையன். படு மரியாதைக்காரன். ஆட்டத்துக்கு முன்னால் எதிராளிக்கு வணக்கம் வைப்பான், ஆந்தையாருக்கு வைப்பான், வலைக்கும் வைப்பான். அப்புறம் இடி விழுந்த மாதிரி ஓர் அடி. பந்து போனது தெரியாது. எப்போதாவது பந்து அவன் முதுகு முள்ளில் குத்திக்கொண்டு நிற்கும். உடம்பில் பட்டால் எதிராளிக்குத்தான் பாயிண்ட். நடுவர் தூங்கினாலும் அவனே கையைத் தூக்கி ஒப்புக்கொள்வான். அலங்காரத்தை இரண்டே செட்டில் அனுப்பிவைத்தான். தலையைச் சிலுப்பக்கூட மானுக்கு நேரம் கொடுக்கவில்லை.

காடு கொதித்தது. முதுகில் ஆயுதத்தோடு ஆடவிடலாமா என்று மயில் கேட்டது. வணக்கம் வைப்பதே திமிர் என்றன முயல்கள்.

இறுதி ஆட்டத்தன்று சடையாண்டி களத்துக்குள் கால் வைத்தான். தலையில் ஏதோ பட்டது. மறுபடி கிளிதான் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான். கிளி இல்லை. கீழே பார்த்தான். முழுப் பழம். சதையோடு.

எறிந்தவன் பொம்முராசு. கூட்டத்தின் முன்வரிசையில் நின்றுகொண்டு, அடுத்ததற்குக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். சடையாண்டி அவனருகே போய், உனக்கு என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டான்.

"அந்த முள்ளுப்பய நம்ம அலங்காரத்தை அழ வெச்சுட்டான் மாப்ளே. நீதான் அவனை ஒரு கை பாக்கணும்."

"நானும் வருஷா வருஷம் அழ வெச்சேனேடா."

"அது வேற. நீ நம்ம ஆளு. அடுத்த வீடு."

அதற்குப் பிறகு சடையாண்டி என்ன செய்தாலும் பழம் விழுந்தது. பந்தைத் திருப்பி அனுப்பினால் என்ன பொறுமை என்றார்கள். மூச்சு வாங்கினால் இந்த வயதில் இப்படி உழைக்கிறானே என்றார்கள். எந்த உழைப்புக்காக இத்தனை வருஷம் எழுந்து போனார்களோ அதே உழைப்பு. காதில் கொசு உட்கார்ந்ததை ஓட்டினான். வெள்ளையம்மாள் தன் மூத்த மகன் பெயரைச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்லசிவம் வணக்கம் வைத்தபோது மட்டும் மண்ணாங்கட்டி விழுந்தது.

பையன் கலங்கிப்போனான். அடி தப்பத் தொடங்கியது. சடையாண்டி ஜெயித்தான்.

பழமழை நிற்கவே இல்லை. கரடி எழுந்து நின்று, அடுத்த வருஷமும் நீதான் என்று சைகை காட்டினார். சடையாண்டி ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டான். புளித்தது. இருந்தாலும் விழுங்கினான்.

நல்லசிவம் வலையருகே வந்து வணக்கம் வைத்தான். கண்ணில் நீர். இவன் அழுததற்கு யாரும் விம்மவில்லை.

"நான் மலைக்கே போயிடறேன் அண்ணே. இனிமே ஆடலை. என்ன தப்புப் பண்ணேன்னே தெரியலை, ஒருத்தருக்கும் என்னைப் பிடிக்கலை."

சடையாண்டி வாயிலிருந்த கொட்டையைத் துப்பினான். இவன் போய்விட்டால் அடுத்த வருஷம் வலைக்கு அந்தப் பக்கம் யார்? அலங்காரம். மறுபடி தேனடை, மறுபடி தனியாக வீடு. அதற்கடுத்த வருஷம் அதுவும் கிடையாது.

அதற்கு மேல் யோசிக்கவில்லை. ஒரே தாவலில் வலையைத் தாண்டி முள்ளம்பன்றியை இறுகக் கட்டிக்கொண்டான். கையெல்லாம் முள் இறங்கியது. விடவில்லை.

தோற்ற எதிரியைக் கட்டிக்கொள்கிறானே, அதுவும் எப்பேர்ப்பட்ட எதிரியை, இவனல்லவா பெரிய மனசுக்காரன் என்று மயில் தேம்பியது. அலங்காரமே அழுதான். ஆந்தையார்கூட விழித்துக்கொண்டார்.

காதோடு சடையாண்டி சொன்னது மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

"போகாதே தம்பி. அண்ணன் இருக்கேன். காட்டுக்காரங்க மனசு எனக்குத் தெரியும். இன்னும் பலமா அடி. வணக்கத்தை இன்னும் ரெண்டு கூட்டு. முக்கியமா, அலங்காரத்தை எங்க பாத்தாலும் விடாதே, ரெண்டே செட்டுல முடிச்சிடு. அதான் இவங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"நிஜமாவா அண்ணே?"

"உங்கிட்ட நான் ஏன்டா பொய் சொல்றேன்."

நல்லசிவம் நன்றியில் இன்னும் இறுகக் கட்டிக்கொண்டான்.

நீதி: ஊர் உன்னைக் கொண்டாட வேண்டுமா? நீ நல்லவனாக வேண்டாம், அழகாக ஆடவும் வேண்டாம். உன்னைவிடப் பிடிக்காத ஒருவனைத் தேடிப் பிடித்து, அவன் மனம் நொந்து ஊரை விட்டுப் போய்விடாதபடி அன்பாகப் பார்த்துக்கொள்.