தேக்கு நைனாவின் ஒல்லித் தோப்பு

பிள்ளைகளே, மரத்துக்கும் ரேஷன் கார்டு தருகிறார்கள் என்றால் முதல் ஆளாகப் போய் வரிசையில் நிற்கக்கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பருத்திப்பட்டு தேக்கு நைனா.

எங்கள் ஃப்ளாட்டுக்குப் பின்னால் அவருக்குக் கொஞ்சம் நிலம். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மனை போட்டு விற்றுவிட, இவர் மட்டும் தேக்குக் கன்று நட்டார். மரம் பெருத்ததும் விற்று, மழைக்கு ஒழுகும் ஓட்டு வீட்டை இடித்து மாடி வீடு கட்ட வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

தேக்கை நெருக்கமாக நட்டால்தான் வெளிச்சம் தேடி நேராக வளரும். வளர்ந்ததும் இடையிடையே வெட்டிக் கலைத்தால்தான் மிச்ச மரங்கள் பருக்கும். நைனா முதல் வேலையைச் சரியாகச் செய்தார். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் பிடிப்பதற்காக, ஒன்றைத் தவிர மற்ற ஒவ்வொரு கன்றுக்கும் ஃப்ளாட்டுப் பிள்ளை ஒன்றின் பெயரை வைத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் குடம் குடமாகச் சுமந்தார்கள். தங்கள் பையன் மட்டும் நோஞ்சானாக நிற்கிறான் என்று தாய்மார்கள் ஜன்னலிலிருந்தே சண்டை பிடித்தார்கள். பரீட்சையில் தோற்ற பையனின் மரத்துக்கு நைனா தனியாக எரு வைத்தார். கேட்டால், "அது மன்சு ஒட்ஞ்சி கீது" என்றார்.

கலைக்கும் பருவம் வந்தது. அரிவாளோடு போவார். ஒரு மரத்தைத் தடவி, இது திவ்யா பாப்பாவாயிற்றே என்று அடுத்ததற்கு நகர்வார். தோப்பைச் சுற்றிவந்து, அந்த அரிவாளால் ஓர் இளநீரைச் சீவிக் குடித்துவிட்டு வீடு திரும்புவார். சில வருடங்கள் இப்படியே போயின.

ஒருநாள் சென்னீர்குப்பத்து மர வியாபாரி வந்து பார்த்துச் சிரித்தார்.

"இன்னா நைனா, பந்தலுக்குக் கால் நட்டு வச்சிக்கிறியா? இப்பவாச்சும் பாதிய வெட்டு. இல்லாங்காட்டி உன் ஊடு ஒழுகிகினேதான் கெடக்கும்."



மறுநாள் காலை ரம்பச் சத்தம். பிள்ளைகள் அடித்துப் பிடித்து ஓடினார்கள். நட்டநடுவே நின்ற, தோப்பிலேயே பெரிய மரம் விழுந்து கிடந்தது. அது ஒன்றுதான். யாருடைய மரம் என்று என் மகள் அழாத குறையாகக் கேட்டாள்.

"என்னுது பாப்பா. நடுவுல நின்னுகினு உங்க வெயிலையெல்லாம் துன்னுகினு இருந்துச்சு."

வீடு இன்னும் ஒழுகத்தான் செய்கிறது. வானம் இருட்டினால், மரத்துக்குத் தண்ணீர் சுமந்த அதே குடங்களோடு பிள்ளைகள் நைனா வீட்டுக்கு ஓடுகிறார்கள். எங்கள் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போகிறேன்.