டெக்குக்காரர் நிறுத்திவைத்த சாவு

கொல்லிமலையில், செத்துப்போக வேண்டியவனை வருஷக்கணக்கில் சாகவிடாமல் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் டெக்குக்காரர்தான். மருந்து மாத்திரை எதுவும் கிடையாது. ஒரே ஒரு பட்டன் போதும் அவருக்கு.

தொண்ணூறுகளின் கடைசி அது. நாமக்கல்லில் ஒரு தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை. ஊர் ஊராகப் போய் எய்ட்ஸைப் பற்றி நான் பேச வேண்டும், அவர் படம் போட வேண்டும். வீடியோ கேசட் போடுகிற டெக், ஒரு டிவி, ஒரு ஜெனரேட்டர், தள்ளினால் மட்டும் கிளம்பும் ஒரு ஜீப், இவ்வளவுதான் எங்கள் படை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஜீப்பை ஓட்டுவதும் அவர்தான். முன் சீட் டிவிக்கு. கம்பளி போர்த்தி, கயிறு போட்டுக் கட்டி, புதுப்பெண்ணைப் போல உட்கார வைத்திருப்பார். காரவள்ளியில் ஆரம்பிக்கும் கொண்டை ஊசி வளைவுகளில் நான் பின்னால் ஜெனரேட்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உருளுவேன். நியாயம் கேட்டால், "டிவி வாந்தி எடுக்காதுங்க. நீங்க எடுப்பீங்க" என்பார். உண்மைதான். அதற்காக முகத்துக்கு நேரே சொல்வதா?

மலைமேல் செம்மேட்டில், வேறு ஊர்களுக்குப் போன ஆபீஸ் ஆட்களோடு சேர்ந்து நாங்கள் எல்லோரும் கும்பலாகச் சாப்பிடும்போது, அவர் மட்டும் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து தூக்குப்போசியைத் திறப்பார். ஆபீஸில் யார் வீட்டு விசேஷத்துக்கும் வரமாட்டார். தன் வீட்டுக்கு ஒருவரையும் கூப்பிடவும் மாட்டார். கஞ்சப் பிசினாரி என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

நாங்கள் போட்ட படம் எங்கள் நிறுவனமே எடுத்தது. முருகேசன் என்று ஒருவன். அவனுக்கு எய்ட்ஸ் என்று தெரிந்த உடனே வானம் கறுக்கும், இடி இடிக்கும், ஜன்னல் தானாக அடித்துக்கொள்ளும். பெற்ற தாயே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவன் இருமி இருமிச் சாவான். கடைசியில் திரை முழுக்க ஒரு மண்டை ஓடு. பார்த்தவர்களுக்கு விழிப்புணர்வு வந்ததோ இல்லையோ, காய்ச்சல் வந்தது.

முதல் இடிக்கு முன்பே டெக்குக்காரர் பட்டனை அமுக்கிவிடுவார். "மீதிய நான் சொல்றனுங்க" என்று எழுந்து நிற்பார். முருகேசன் சாகவில்லை, அவனுடைய கூட்டாளி ஒருவன் அவனைத் தன் ஊட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறாக்கிப் போடுகிறான், தொட்டால் ஒட்டாது, கூட உட்கார்ந்து சாப்பிடலாம் என்று கதையை அழகாக முடித்து வைப்பார். எனக்குப் பேச மிச்சம் ஒன்றும் இருக்காது.

வினை எடப்புளி நாட்டில் வந்தது; கொல்லிமலையில் நாடு என்றால் சில சிற்றூர்களின் தொகுதி. அங்கே ஒரு சிற்றூரில் பொன்னாயி என்று ஒரு பெண், தினையும் மிளகும் போடுகிறவள். நாங்கள் இரண்டாம் தடவை போனபோது ஓடி வந்தாள்.

"ஏனுங்க, முருகேசனுக்கு இப்ப ஒடம்பு எப்படிங்க?"

படம் என்றால் நடிப்பு என்று நான் விளக்க வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நேத்து காய்ச்சலுங்க. ராத்திரி கொஞ்சம் கஞ்சி குடிச்சான்."

"அந்தக் கூட்டாளி நீங்கதானுங்களா சாமி?"

"ஆமாங்க."

பின்னால் இரண்டு இளவட்டங்கள் சிரித்தன. பொன்னாயி அவர்களை ஒரு முறை முறைத்துவிட்டு, ஒரு சீப்பு மலை வாழைப்பழமும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தாள். "மொளகு ரசம் வெச்சுக் குடுங்க" என்றாள். அவர் கூச்சமே இல்லாமல் வாங்கிக்கொண்டார்.

மலை இறங்கும்போது நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நடிச்சவன் நல்லா குண்டா இருக்கான். அவனுக்கு எதுக்கு ரசம்?"

"முருகேசனுக்கு இல்லீங்க. செல்வத்துக்கு. லாரிக்குப் பெயின்ட் அடிச்சிட்டிருந்தான். ரெண்டு வருசமா ஒடம்பு முடியல."

"செல்வம் யாரு?"

அவர் வளைவைத் திருப்பி முடித்துவிட்டுச் சொன்னார். "நீங்க உங்க ஊட்டுக்காரரைச் சொல்லுவீங்கல்லங்க, எனக்கு அந்த மாதிரி."

ஜீப்பில் அப்போது பதறாமல் இருந்தது டிவி மட்டும்தான்.

அதற்குப் பிறகு மலையிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் தினையும் தவறாமல் இறங்கின. அடுத்த ஆபீஸ் கூட்டத்தில் அவர் எழுந்து, "ரெண்டு ஆம்பளைங்க ஒரே ஊட்டுல குடும்பமா இருக்கற மாதிரி ஒரு படம் எடுக்கலாங்க" என்றார். சனங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்றார் எங்கள் நிறுவன டைரக்டர்.

"இடி மின்னலை மட்டும் ஏத்துக்குமுங்களா? எங்கூட்டுல ஒரு நாளும் இடிக்கலீங்களே!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மழைக்காலத்தில் செல்வம் இறந்துபோனார். சொந்தக்காரர்கள் வந்து உடலை ஊருக்குத் தூக்கிப் போனார்கள். டெக்குக்காரர் பின்னாலேயே பஸ் ஏறிப் போயிருக்கிறார். கூடத் தங்கியிருந்தவனுக்கு இங்கே என்ன வேலை என்று தெருமுனையிலேயே தடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போகும் ஆண்கள், இழந்தவர் முன்னால் வரிசையாக வந்து கையை நீட்டித் தொட்டுவிட்டுப் போவார்கள். பேச்சே வேண்டாம், அதுதான் துக்கம் கேட்பது.

"எங்கிட்ட ஒரு ஆளு கை நீட்டலீங்க" என்றார், அடுத்த வாரம் மலை ஏறும்போது. "அவன் போன துக்கம் எனக்குத்தான்னு யாருக்குந் தெரியாது." ஆறுதலாக எதையோ உளறினேன். ஜீப்பின் இரைச்சல் என் குரலை விழுங்கிவிட்டது.

அன்றைக்கும் எடப்புளி நாடுதான். பொன்னாயி கேட்டாள். "முருகேசன் எப்படி இருக்காப்லீங்க?"

அவர் படத்தைப் போட்டார். வானம் கறுத்தது. அவர் கை பட்டனுக்குப் போனது. அமுக்கவில்லை. சத்தத்தை மட்டும் அடியோடு குறைத்தார். முருகேசன் இடி இல்லாமல், இருமல் இல்லாமல், சத்தம் போடாமல் செத்துப்போனான். மண்டை ஓடு வருவதற்குள் டிவியையே அணைத்துவிட்டார்.

பிறகு பொன்னாயி, "அய்யோ சாமீ!" என்று அழ ஆரம்பித்தாள். பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வரிசையாக வந்து டெக்குக்காரர் முன்னால் கை நீட்டினார்கள். முன்பு சிரித்த இளவட்டங்களும் வந்தன. ஒவ்வொரு கையையும் அவர் தொட்டார். சினிமாவில் செத்தவனுக்காக ஒரு ஊரே துக்கம் கேட்டது என்று டைரக்டரிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். நான் சொல்லவே இல்லை.

எங்கள் பக்கம் பெண்கள் கை நீட்டுவதில்லை. வரிசை முடிந்ததும் நான் போய் நீட்டினேன்.

கிளம்பும்போது அவர் டிவியின் கயிற்றை அவிழ்த்துப் பின்னால் தள்ளினார். "முன்னால வந்து உக்காருங்க" என்றார். "வாந்தி வந்தா?" என்றேன். "வரட்டுமுங்க. பக்கத்துல ஆளு வேணும்."

காரவள்ளி வரும்வரை அழுதுகொண்டே ஓட்டினார். பின்னால் டிவி ஒவ்வொரு வளைவிலும் முட்டி மோதிக்கொண்டு வந்தது. ஒரு தடவைகூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் குடலைப் புரட்டியது. ஆனாலும் அந்தச் சீட்டை நான் யாருக்கும் விட்டுக் கொடுத்திருக்க மாட்டேன்.