மூடி மேடமும் எட்டுக் குழி மிஷினும்

எங்கள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் கடைசிச் சுற்றுக்கு வரும்போது ஒரு சத்தம் போடும். முதலில் முனகல். பிறகு விசில். போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் ‘தடக் தடக்’ என்று உதைக்க ஆரம்பித்துவிடும். எந்த அறையில் இருந்தாலும், எந்த வரியை எழுதிக்கொண்டிருந்தாலும் ஓடிப்போய் அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, டிரம் தானாக நிற்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

“போர்வைதானே, குழந்தையா பிறக்கப் போகுது?” என்பாள் மனைவி.

அவளுக்குத் தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் நாமக்கல் இருக்கிறது. கோழித் தீவன வாசமும் ஸ்பிரிட் வாசமும் கலந்த ஒரு நீள அறை இருக்கிறது. “மூடியத் தொடாதீங்க!” என்று சுவரில் பட்டுத் திரும்பும் ஒரு குரல் இருக்கிறது.

சுற்றுகிற பொருளை, அந்தக் குரலாலேயே பெயர் வாங்கிய மூடி மேடத்தைப்போல மதித்த மனுஷி இந்தப் பூமியில் பிறக்கவில்லை. பூமியே ஒழுங்காகச் சுற்றுகிறதா என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்தது. “ஜனங்க எல்லாம் ஒரே பக்கமா குடியிருக்காங்களே தம்பி, எப்படித் தாங்கும்?” என்று ஒருநாள் என்னிடம் கேட்டிருக்கிறார்.

கைப்பேசிகளுக்கெல்லாம் பொத்தான் இருந்த காலம். நாமக்கல்லில் ஒரு கால்நடை டாக்டர் நடத்திய கோழி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் ரிப்போர்ட் அடிக்கும் வேலையில் இருந்தேன். பண்ணைக்காரர்கள் கோழியின் இறக்கையில் ரத்தம் எடுத்து, சின்னச் சின்னக் குழாய்களில் கொண்டுவருவார்கள். அதை மிஷினில் வைத்துச் சுற்றினால் ரத்தம் அடியில் படியும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிவு நிற்கும். அதைச் சோதித்தால், போட்ட தடுப்பூசி பிடித்திருக்கிறதா, வெள்ளைக் கழிச்சல் வந்தால் கோழி தாங்குமா என்று தெரியும். அந்த மிஷினை ஓட்டுவதுதான் மேடத்தின் வேலை. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார்.

மிஷினில் எட்டுக் குழி. ஒரு குழியில் குழாய் வைத்தால் நேர் எதிர்க் குழியிலும் அதே எடையில் ஒன்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உதறும், குழாய் உடையும், மிஷினே மேசையைவிட்டு இறங்கப் பார்க்கும். இது எல்லா லேபிலும் உள்ள சட்டம். ஆனால் மேடத்துக்கு இது பத்துக் கட்டளைகளோடு சேர்ந்த பதினோராவது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலிருந்து ஒரு வெள்ளித் தராசு வாங்கி வந்து, ஒவ்வொரு குழாயையும் ஜோடி ஜோடியாக நிறுத்துத்தான் வைப்பார். கீறல் விழுந்த குழாய் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “நீ போயிட்டு வாப்பா” என்று குப்பைக்கு அனுப்புவார். வேலை முடிந்ததும் உள்ளே ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ரப்பர் மெத்தைகளைக் கழற்றிக் காயவைத்து, மூடியைத் திறந்தே விட்டுப் போவார். “அதுக்கும் வேர்க்கும் தம்பி.”

லேபோடு விட்டாரா? பஸ்ஸில் ஏறினால், “அந்தப் பக்கம் ரெண்டு பேர் போங்கப்பா, வண்டி சாயுது” என்பார். மாதா கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதுதான் அவர்கள் பங்கில் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் பக்கம் ஆள் குறைவாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பூசை நடுவில் எழுந்து போய் அங்கே உட்கார்ந்துவிட்டார். சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தாராம்.

இப்படிப்பட்டவரைச் சேலத்தில் எந்த லேபும் வைத்துக்கொள்ளவில்லை. மனிதர்களின் ரத்தம் அவசரமானது. “மிஷின் தானா நிக்கட்டும் சார்” என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, வாசலில் நோயாளி கத்த, வேலை போய்விடும். அம்மாவும் போன பிறகு தனி ஆள். “இந்த வயசுல இனி யாரு தம்பி என்னை எடுப்பாங்க? கோழிங்கதான் பொறுமையா இருக்குது. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்” என்று டிபன் டப்பாவைப் பார்த்துச் சொல்வார்.

அதுவும் போகப் பார்த்தது. லேபின் மர மேசைக்கு ஒரு கால் குட்டை. ஒருநாள் மிஷின் ஓடிக்கொண்டே மேசை விளிம்புவரை நடந்து போய்விட்டது. டாக்டர் வந்து பார்த்தார்.

“ஏனுங்க மேடம், இது மிஷினுங்களா, மேய்ச்சலுக்குப் போற ஆடுங்களா?”

“மிஷின் சரியா இருக்கு சார். மேசைதான் ஆடுது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. இன்னொருக்கா இது நடந்துச்சுன்னா, எடைக்குப் போட்டுட்டு ரத்தத்தக் கோயமுத்தூருக்குப் பார்சல் பண்ணிருவனுங்க. அப்பறம் உங்களுக்கு இங்க வேலை இல்லீங்க.”

வேலையைவிட்டு நிறுத்துவதைக்கூட ‘ங்க’ போட்டுத்தான் சொல்வார் எங்கள் டாக்டர். அந்த மண்ணின் மரியாதை அப்படி.

அடுத்த வாரம் தீவன வண்டியில் ஒரு கருங்கல் பலகை வந்து இறங்கியது. மேடத்தின் ஏற்பாடு. வழுவழுப்பாக, கனமாக, அசைக்க முடியாமல் இருந்தது. ரத்தம் சேகரித்து வரும் பொன்னுசாமியும் நானும் மூச்சுப்பிடித்துத் தூக்கினோம். தூக்கும்போதுதான் அடிப்பக்கம் எழுத்து தெரிந்தது. மேலே ஒரு சிலுவை. கீழே பிறப்பு, இறப்பு.

“அக்கா! இது கல்லறைக் கல்லுங்க!” பொன்னுசாமி பாதியில் விட்டிருப்பான்.

“கத்தாதே. யார் கல்லறையும் இல்ல. பேர்ல எழுத்துப்பிழைன்னு அந்தக் குடும்பம் வேண்டாம்னுருச்சு. சும்மா கிடந்தது, கல்லு வெட்டறவர்கிட்ட கேட்டேன், குடுத்தார்.”

குனிந்து படித்தேன். ஆரோக்கியசாமி என்று வெட்ட வேண்டிய இடத்தில், சிற்பிக்கு என்ன அவசரமோ, ‘ஆரோக்கியசனி’ என்று வெட்டியிருந்தார்.

“எழுத்தைக் கீழ போடுங்க. டாக்டருக்குத் தெரிய வேண்டாம்” என்றார் மேடம். காரணம் இருந்தது. டாக்டருக்கு எண் சாஸ்திரத்தில் அபார நம்பிக்கை. சனிக்கு உரிய எண் என்பதால் எட்டு என்றாலே அவருக்கு ஆகாது. எட்டாம் தேதி எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். எட்டு இட்லி ஆகிவிட்டால் ஒன்பதாவது கேட்பார். அப்படிப்பட்டவர் மேட்டூரில் மலிவாகக் கிடைத்ததென்று ஏலத்தில் எடுத்துவந்த மிஷினுக்கு எட்டுக் குழி! வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்த பிறகுதான் எண்ணியிருக்கிறார். இப்போது அதற்கு அடியிலும் சனியே படுத்துக்கொண்டது.

குட்டைக் காலுக்கு ஆப்பு கொடுத்து, மேசைமேல் கல்லைப் போட்டு, கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்து மேடம் மட்டம் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. மிஷின் அன்றைக்குத் தூங்குகிற பிள்ளைபோல ஓடியது.

டாக்டருக்கு எட்டு என்றால், பண்ணைக்காரர்களுக்கு இன்னொரு நம்பிக்கை. நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படைதான். பதினொரு கோழி, இருபத்தொரு கோழி என்றே ரத்தம் வரும். ஒற்றையாக நிற்கும் குழாய்க்கு எதிரே, அதே எடைக்குத் தண்ணீர் ஊற்றிய குழாய் ஒன்றை மேடம் வைப்பார். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு, “ஓ, இணைச்சீருங்களா!” என்று பொன்னுசாமி கேலியாகச் சொல்லியிருக்கிறான். கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவனுடைய அக்காவோ தங்கையோ வந்து நிற்கச் செய்யும் சீர் அது. சேலத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண்ணுக்கு அது எங்கே தெரியும்? எடைக்கு எடை வைக்கும் குழாய்க்குத் தமிழில் அதுதான் பெயர் என்று முடிவுகட்டி, ‘இணைச்சீர் – தண்ணீர் – குடிக்காதீர்’ என்று அழகாக எழுதி ஒட்டிவிட்டார். பழுது பார்க்க வந்த மெக்கானிக்கிடம், “ஒத்தையா ஓட்டவே மாட்டேன் சார், எப்பவும் இணைச்சீர் வெச்சுருவேன்” என்றார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பாவம் ஒரு கல்யாணத்தில் வெடித்தது. மோகனூர்ப் பண்ணைக்காரர் ஒருவர் தன் மகன் கல்யாணத்துக்கு லேபையே அழைத்திருந்தார். பந்தியில் நாங்கள் எதிரெதிராக, எடை பார்த்து, உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் குரல் வந்தது: “இணைச்சீருக்கு நேரமாச்சுங்க! எல்லாரும் மேடைக்கு வாங்க!”

மேடம் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“தம்பி, மிஷின் இங்கயும் வெச்சிருக்காங்களா?”

“மேடம், உக்காருங்க...”

“யார் ஓட்டறாங்க? மூடி போட்டாங்களான்னு பாத்துட்டு வந்துர்றேன்.”

போயேவிட்டார். மேடையில் மாப்பிள்ளையும் அவன் அக்காவும் நிற்பதையும், சுற்றிப் பெண்கள் சிரிப்பதையும் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். திரும்பி வந்து பொன்னுசாமியின் காதைப் பிடித்துத் திருகினார். பிறகு மெதுவாக என்னிடம், “ஆனா பேரு சரியாத்தான் இருக்கு தம்பி. மாத்த வேண்டாம்” என்றார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மழைக்கு முந்திய வாரம். பக்கத்துப் பண்ணைகளில் கழிச்சல் என்று பேச்சு கிளம்பியதால் லேப் வாசலில் கூட்டம். மோகனூர்க்காரர் எட்டுக் குழாயோடு வந்திருந்தார். வழக்கமாக ஒற்றைப்படையில் கொண்டுவருகிறவர் பதற்றத்தில் மறந்துவிட்டார். அன்று தேதியும் பதினேழு. கூட்டினால் எட்டு. வெள்ளைச் சட்டையில் வந்த டாக்டருக்கு முகம் வெளுத்திருந்தது. எட்டுக் குழியில் எட்டுக் குழாயை மேடம் நிறுத்து வைப்பதை, பாம்புப் புற்றைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மேடத்துக்கு ஒரு பழக்கம். மிஷினை ஓட்டும் முன் கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொள்வார். கண்ணைத் திறக்காமலேயே மூடியை இறக்குவார். ‘ஆமென்’ என்ற சொல்லும் ‘டக்’ என்ற சத்தமும் ஒன்றாக விழும். கேட்பதற்கே ஒரு சங்கீதம்.

அன்றும் ஆமென், டக். குமிழை மெல்லத் திருகினார். முனகல் வந்தது. விசில் வர வேண்டும். வரவில்லை. தடக்! தடக்! கருங்கல்லோடு சேர்ந்து மிஷின் உதறியது. மோகனூர்க்காரர், “ஐயோ என்ர கோழி!” என்று மூடியைத் திறக்கப் பாய்ந்தார்.

“மூடியத் தொடாதீங்க!”

குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பி, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கையையும் விரித்து எல்லோரையும் சுவரோரம் தள்ளினார். மிஷின் மேசை விளிம்புக்கு நகர்ந்து, ஒருமுறை விக்கி, நின்றது. நின்ற பிறகும் அவர் யாரையும் விடவில்லை.

டாக்டர் ஆரம்பித்துவிட்டார். “நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா? நடந்துருச்சுங்களா இல்லீங்களா? கல்லு வேணும்னீங்க, வெச்சீங்க. தராசுன்னீங்க, வெச்சீங்க. இனி முடியாதுங்க. மாசக் கடைசியோட நின்னுக்கங்க.”

மேடம் மிஷின் பக்கம் திரும்பினார். முழுக்க நின்றுவிட்டதா என்று குனிந்து பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“ஏழுதான் இருக்கு.”

அப்போதுதான் மோகனூர்க்காரர், ரொம்பப் பணிவாக,

“டாக்டருங்க, உங்க சட்டப்பையில செவப்புப் பேனா ஒழுகுதுங்க.”

எல்லோரும் பார்த்தோம். டாக்டரும் குனிந்து பார்த்தார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சுப் பையில் கோழி ரத்தம் ஒரு ரோஜாப்பூ அளவுக்கு மலர்ந்துகொண்டிருந்தது. மேடம் கண்ணை மூடியிருந்த நேரத்தில், எட்டை ஏழாக்கிப் பையில் போட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர்!

டாக்டர் பையைக் கையால் பொத்தினார். “எட்டு எனக்கு ஆகாதுங்க மேடம்” என்றார், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன்போல.

இந்த இடத்தில் நானாக இருந்தால் என்னென்ன வசனம் பேசியிருப்பேன்! மேடம் கையை நீட்டிக் குழாயை வாங்கிக்கொண்டார். மூடி இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். “என் தப்பும் இருக்கு சார். கண்ண மூடியிருக்கக் கூடாது” என்றார். கொஞ்சம் யோசித்தார். “எட்டு ஆகாதுன்னா பதினாறு குழி மிஷினா வாங்குங்க. ஒண்ணும் ஆறும் ஏழு.”

டாக்டர் விரல்விட்டுக் கூட்டினார். முகத்தில் விடியல் வந்தது. “அட, ஆமாங்க!”

“பதினாறுல ரெண்டு எட்டு இருக்குதுங்களே...” என்று ஆரம்பித்த பொன்னுசாமியின் காலை மேடம் மிதித்தார்.

மாசக் கடைசி வந்தது. வேலையை விடுவது பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. தீபாவளிக்கு முன்னால் புது மிஷின் வந்தது. எடை சரியில்லையென்றால் தானே நின்றுவிடும். சுற்று நிற்கும்வரை மூடி திறக்காது. “புத்தகத்துல போட்டிருக்கு மேடம், பக்கத்துல நிக்கவே வேண்டாமாம்” என்றேன். “எழுதினவன் நம்ம டாக்டரைப் பாத்திருக்கானா?” என்றார். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டுதான் ஜெபம்.

மறு வருஷம் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. கிளம்புகிற நாளன்று டாக்டர் கை குலுக்கினார். பொன்னுசாமி என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். மேடத்திடம் சொல்லிக்கொள்ள உள்ளே போனேன். மிஷின் அப்போதுதான் வேகம் எடுத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஏற்றிவிடுவார் என்று நினைத்திருந்தேன். போய்விடுமோ என்று பயந்த வேலை இப்போது அவரை நகரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், நிறையச் சந்தோஷம்.

“வரேன் மேடம்.”

மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பேசினார். “சேலத்துல ராத்திரி வண்டிக்கு நேரம் இருக்குல்ல? நேரா எங்க வீட்டுக்குப் போங்க தம்பி. நான் இருக்க மாட்டேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கு, சொல்லி வெச்சிருக்கேன். காலையிலயே சாதம் வடிச்சுட்டேன், கத்தரிக்காக் குழம்பு மேல தட்டுப் போட்டு வெச்சிருக்கு. ரசத்த மட்டும் சூடு பண்ணிக்கோங்க.”