பச்சை சாரின் கற்றாழை ஷூ

ஆம்பூரில் பூமியைக் காப்பாற்ற ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். அவரும் செல்போனில் ஆர்டர் போட்டுத்தான் காப்பாற்றினார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த கணக்கு டியூஷன் வாத்தியார் அவர். நாற்பத்திரண்டு வயசு, கல்யாணம் ஆகவில்லை. நிஜப் பெயர் வீட்டுக்காரருக்கே மறந்துபோய், தெருவுக்கெல்லாம் பச்சை சார் ஆகிவிட்டார். எந்தப் பொருளானாலும் செல்போனில் அதன் பக்கத்தில் பச்சை இலை படம் இருந்தால்தான் வாங்குவார். துணிப்பைகூட ராஜஸ்தானிலிருந்து வந்தது. எதிர் டைலர் கடையில் வெட்டுத்துணியில் சும்மாவே தைத்துத் தருவார்கள். அதில் இலை படம் இல்லையாம்.

ஒருமுறை மூங்கில் டூத் பிரஷ் வந்தது. ஆட்டையே உட்காரவைக்கலாம், அவ்வளவு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே முழுக்கக் காற்றடைத்த பிளாஸ்டிக். சார் கொதித்துப்போய்ப் புகார் எழுதினார். மன்னிப்புக் கேட்டு இன்னொரு பிரஷ் அனுப்பினார்கள், அதே சைஸ் பெட்டியில்.

"இன்னா சார், உங்களால தெனம் பேஜாரு" என்றான் பார்சல்காரன்.

"அப்போ மெதுவா கொண்டாப்பா. வண்டிப் புகை கம்மியாவும்."

அன்றிலிருந்து மெதுவாக வரும் டெலிவரியையே தட்டினார். வேப்பம் சோப்பு வர ஒரு மாசம் ஆனது. அதுவரை சோப்பே போடவில்லை. தோல் பதனிடும் ஷெட் வாடையில் வளர்ந்த மூக்கு என்னுடையது. அதுவே மாடிப்படியில் நின்று யோசித்தது.

நான் ஷூ கம்பெனியில் சோல் ஒட்டுகிறவன். அஞ்சாவதோடு படிப்பு நின்றுவிட்டது, நாலு பேர் முன்னால் பேச்சும் வராது. அதனால் என்னைப் பார்த்தாலே அவருக்குப் பாடம் நடத்தத் தோன்றும். "பாலாறு இப்படி செத்துப்போனதுக்கு யாருப்பா காரணம்?" என்பார். ஆற்றை நான்தான் டிபன் டப்பாவில் அள்ளிக்கொண்டு போனது மாதிரி.

ஒருநாள் வெளிநாட்டு ஷூ வந்தது. "கத்தாழை நார்ல செஞ்சது. ஒரு மாடு சாவல. தொழிலாளிய மதிக்கிற எடத்துல செஞ்சிருக்கான். உங்க கம்பெனி மாதிரி இல்ல" என்றார். இனி ஒரு ஜோடிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று சபதம் செய்து, இருந்த செருப்புகளையும் தானம் கொடுத்தார்.

மூன்றாம் மாசம், திருப்பத்தூருக்குப் பெண் பார்க்கப் போகிற அன்று காலையில் சார் கீழே இறங்கி வந்தார். வலது ஷூ வாயைப் பிளந்திருந்தது. அவர் நடக்க நடக்க அதுவும் பேசியது.

"ஒம்பதரைக்கு பஸ்ஸுப்பா. இந்த எடமும் போச்சுன்னா எனக்கு யாரும் பொண்ணு தரமாட்டான்." அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

"என்னுது போட்டுக்கினு போங்க சார்."

"தோலா?"

"தோலுதான்."

"வெறுங்கால்ல போவேன்!"

ஷூ ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை எடுத்தேன். "அதுல மிருகக் கொழுப்பு இல்லையே?" என்றார்.

"இல்ல சார்." எனக்கென்ன தெரியும்!

சோலைப் பிரித்துத் துடைத்தால், உள்ளே சில்வர் பேனாவில் ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு. யார் ஒட்டியது என்று தெரிவதற்காக எங்கள் செக்ஷனில் ஆளுக்கொரு அடையாளம் போடுவோம். வட்டமும் கோடும் என்னுடையது. போன வருஷம் தோலில்லாத ஆர்டர் ஒன்று ஓடியது. அதில் ஒரு ஜோடி கப்பலேறிப்போய், திரும்பி வந்து எங்கள் மாடியும் ஏறியிருக்கிறது. கம்பெனியிலிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தே பத்து நிமிஷம்தான்.

இத்தனை நாள் வாங்கிய பாடத்துக்கெல்லாம் ஒரே வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் விட்டுப்போனது என் ஒட்டு. தொழிலாளியை மதிக்கிற இடத்துத் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டு, இந்தத் தடவை ரெண்டு பூச்சு பூசி, மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தான்.

"நிக்குமாப்பா?"

"பேரன் எடுக்கற வரைக்கும் நிக்கும் சார்."

நின்றது. பெண் வீட்டில் ஷூவை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்களாம், ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஒரு ஜோடிக் கதையை மட்டும் சார் விடாமல் சொல்லியிருக்கிறார். "இன்னொரு ஷூ தேடாத ஆளு இன்னொரு பொண்ணயும் தேடமாட்டாரு" என்று பெண்ணின் அம்மா தலையாட்டிவிட்டார். கல்யாணம் முடிந்து சார் இப்போது திருப்பத்தூர்வாசி. அந்த ஊர் பார்சல்காரனை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இருபது வருஷமாக ஷூ ஒட்டுகிறேன். எல்லாம் பெட்டிக்குள் மூடிக் கடல் தாண்டிப் போய்விடும். நான் ஒட்டியதைப் போட்டுக்கொண்டு ஒரு மனுசர் நடந்து நான் கண்ணால் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அன்றைக்கு அவர் தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன்.