மாமா ஒல்லியான கதை

பாதி தெரிந்த வேலையைத்தான் நான் முழு தைரியத்தோடு செய்வேன். முழுதும் தெரிந்துவிட்டால் பயம் வந்துவிடும்.

மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்த கையோடு, செங்கம் ரோட்டில் அக்காவும் மாமாவும் திறந்திருந்த நாலு ரூம் லாட்ஜுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தேன். கல்யாண போட்டோ எடுக்கும் நண்பனின் கேமராவில் எடுத்த படங்களை அப்படியே ஏற்றினேன். பௌர்ணமி கிரிவலத்துக்கு ஊரே நிரம்பி வழிந்தது; நாங்கள் மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். இதை நம்பி வேலையை விட்டிருந்த அக்கா, யாரும் படுக்காத விரிப்புகளை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் போனில் எங்கள் சைட்டைத் திறந்து பார்த்தாள். முதல் படத்திலிருந்த மலை, உச்சியிலிருந்து கோடு கோடாக இறங்கி வந்தது.

"டேய், இது அடிவாரத்துக்கு வர்றதுக்குள்ள நான் கிரிவலமே போயிட்டு வந்துடுவேன் போலருக்கேடா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

நண்பனுக்கு போன் போட்டேன். "ஒவ்வொரு படமும் ஜாஸ்தி வெயிட்டுடா. சைஸைக் கம்மி பண்ணு. எண்ணூறு பிக்சல் வச்சா போதும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

படத்தைத் திருத்தும் சாஃப்ட்வேரில் அகலம், உயரம் என்று இரண்டு கட்டங்கள். அகலத்தில் எண்ணூறு அடித்தேன். உயரம் தானாகவே வேறொரு எண்ணுக்கு மாறியது. (யாரைக் கேட்டு மாறுது?) பக்கத்தில், இரண்டையும் சேர்த்துக் கட்டிவைக்கும் ஒரு டிக் இருந்தது. அதை எடுத்துவிட்டு இரண்டிலும் எண்ணூறு போட்டேன். எல்லாப் படத்துக்கும் அதே வைத்தியம். சைட் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. வேகத்தைப் பார்த்தே பூரித்துப்போனேன், படத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்கு முன் முதல் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். சென்னையிலிருந்து ஒரு அம்மா.

"ரூமெல்லாம் சுத்தமா இருக்குங்க. ஆனா கட்டில் ஏன் பெஞ்சு மாதிரி இருக்கு? நாங்க ரெண்டு பேருமே கொஞ்சம் பூசுன ஒடம்பு."

அவசரமாகப் படங்களைத் திறந்தேன். கட்டில் மட்டுமா? மலை ஊசி போல நின்றது. கேட்டருகே மாமா (ஆட்டோவில் அவர் ஏறினால் இன்னொருவருக்கு இடமில்லை) முருங்கைக்காயாக நின்றார். வந்த ஒரே ஆளையும் விரட்டிவிட்டேனே என்று அழுகை முட்டியது.

அக்கா என் தலையில் கை வைத்துக்கொண்டே பேசினாள். "படம்தான் ஒல்லிங்க மேடம், கட்டில் நல்ல அகலம். சைட்டு எந்தம்பி போட்டது. எப்படித் திறக்குது பாத்தீங்களா, டக்குனு!"

அந்தப் பெருமைக்கு நான் துளியும் லாயக்கில்லை. அன்று அக்காவைப் பிடித்த மாதிரி எனக்கு யாரையும் பிடித்ததில்லை.

அவர்கள் வந்தார்கள். கேட்டைத் திறந்த மாமாவை அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "படத்துல ஒல்லியா நின்னாரே, அவரு உங்க தம்பிங்களா?"

மாமா வயிற்றை எக்கிக்கொண்டார். "ஆமாங்க. வெளியூர் போயிருக்கான்."

பிறகு எல்லாப் படங்களையும் திருத்தினேன். தான் ஒல்லியாக நின்ற அந்த ஒன்றை மட்டும் மாமா தொடவிடவில்லை. பிரேம் போட்டு வாசல் மேஜைக்கு மேலே மாட்டிவிட்டார். இன்றும் வீட்டில் யாராவது இன்னொரு வடைக்குக் கை நீட்டித் தயங்கினால் அக்கா சொல்வாள்:

"சும்மா சாப்புடுங்க. ஜாஸ்தியாச்சுன்னா எந்தம்பி கம்மி பண்ணிடுவான்."