என் உடம்பு தொலைத்த கோப்பு

மாடியறை,
ஏப்ரல் 16, வியாழன், காலை 9.40

அன்புள்ள மைத்துனருக்கு,

தாங்களும் வீட்டில் அனைவரும் நலம் என்பதைத் தங்கள் மார்ச் 27 தேதியிட்ட கடிதத்தால் அறிந்து மகிழ்ந்தேன் (அது ஏப்ரல் 2 பிற்பகல்தான் வந்து சேர்ந்தது). என் நலம் குறித்து இவ்வீட்டில் கருத்து வேறுபாடு நிலவுவதால் அதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற செப்டம்பருக்கும் இந்தப் பிப்ரவரிக்கும் இடையே எனக்கு மூன்று முறை நிமோனியா வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். அதனால் என் நோய் எதிர்ப்புச் சக்தியை ஆராய ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். அவர் பொறுமையாகத்தான் விளக்கினார். "ஐயா, வந்துபோன கிருமியை எல்லாம் உடம்பு ஞாபகம் வெச்சுக்கும். அதே கிருமி திரும்ப வந்தா பழைய கோப்பை எடுத்துப் பார்த்து, அதுக்குன்னே எதிர்ப்புப் பொருள் செஞ்சு அனுப்பும். உங்க உடம்பு அதைச் செய்யுதான்னு பாக்கணும். தடுப்பூசி போடுறது ஒரு பரீட்சை மாதிரி. நாலு வாரத்துல ரத்தத்துல பதில் வரும்" என்றார். கோப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை பிறந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் ஆவண அறையைக் கட்டிக் காத்தவன் உடம்பு வேறெப்படி இருக்கும்?

மார்ச் 3, செவ்வாய், காலை 10.15க்கு முதல் ரத்தம் எடுத்து, உடனே ஊசியும் போட்டார்கள். மார்ச் 31, செவ்வாய், சரியாக இருபத்தெட்டாம் நாள், இரண்டாம் ரத்தம். இரண்டையும் ஒரே நாளில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும் என்று முதல் குழாயை அதுவரை உறையவைத்துப் பாதுகாத்திருந்தார்கள்; அது பாராட்டத்தக்கது. ஆனால் இரு குழாய்களின் சீட்டிலும் என் வயதை எழுபத்து மூன்று என்று எழுதியிருந்தார்கள். எழுபத்து மூன்று வயது நிறைய அன்றைக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. பரிசோதனைக் கூடத்துப் பெண்ணிடம் சொன்னால், "விடுங்க ஐயா, ரத்தத்துக்கு வயசு தெரியவா போகுது" என்கிறாள். விடுகிற ஆளா நான்? அங்கேயே உட்கார்ந்து, என் பேனாவால் புதுச் சீட்டு இரண்டு எழுதி, என் கையாலேயே ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கூடத்தில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான் என்று இப்போது தெரிகிறது.

ஏப்ரல் 6, திங்கள், முடிவு வந்தது. ஊசிக்கு முன் எதிர்ப்புப் பொருள் ஏராளமாக இருந்ததாம், ஊசிக்குப் பின் அநேகமாக ஒன்றுமே இல்லையாம். டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்படி நான் பார்த்ததே இல்லையே. திரும்பச் சோதிக்கலாம், பத்து நாளாகும். அதுவரைக்கும் கூட்டத்துல கலக்காதீங்க. திரும்பவும் இப்படியே வந்தா மாசாமாசம் எதிர்ப்புப் பொருள் ஏத்திக்க வேண்டியதுதான்" என்றார். ரத்த தானம் செய்த ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து பிரித்தெடுத்ததாம் அது. என் கோப்பைத் தொலைத்துவிட்டு ஊரார் கோப்பையெல்லாம் என் நரம்பில் ஏற்றுவார்களாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் ஏப்ரல் 8 அன்று மகள் கைக்குழந்தையோடு வந்திறங்கினாள். உங்கள் அக்காவோ ஏழாம் தேதியே என்னை மாடிக்கு அனுப்பிவிட்டாள். கூட்டம் என்றுதானே டாக்டர் சொன்னார், இரண்டரை மாதக் குழந்தை எப்படிக் கூட்டமாகும் என்று கேட்டேன். "அது தும்மினா உங்களுக்கு ஆகாது, நீங்க தும்மினா அதுக்கு ஆகாது. ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்கிறாள். சாப்பாடு ஏழாம் படி வரை வருகிறது. செய்தித்தாளைக் கிருமி சாகட்டும் என்று இஸ்திரி போட்டுத் தருகிறாள். நேற்று தலையங்கம் கருகிவிட்டது. பேத்தியை மகள் தினமும் மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று தூக்கிக் காட்டுகிறாள். மேலேயிருந்து பார்த்தால் ஒரு துண்டுதான் தெரிகிறது. திங்களன்று நான் கால்மணி நேரம் கையசைத்துக் கொஞ்சினேன். "அப்பா, அது துவைக்கப் போற துணிப்பா, பாப்பா உள்ள தூங்குது" என்றாள்.

வரும் 19, ஞாயிறு, அவர்கள் திரும்பிப் போகிறார்கள். அடுத்த வரவு இரண்டு வருஷம் கழித்துத்தான். நான் கேட்பது ஒரு பத்து நிமிஷம், மடியில். அதற்குள் மறுசோதனை முடிவு வருமா என்பது அந்தக் கூடத்தாரின் கவனத்தைப் பொறுத்தது. அவர்கள் கவனத்தைத்தான் பார்த்தோமே! உங்கள் அக்கா இந்த உலகத்தில் உங்கள் பேச்சு ஒன்றைத்தான் கேட்பாள். ஆகவே (இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், சனிக்குள் கிடைத்துவிடும்) கடிதம் கண்டதும் தொலைபேசியில் அழைத்து, பொறுப்பற்ற ஒரு கூடத்தின் தவறுக்கு நான் தண்டனை அனுபவிப்பதை எடுத்துச் சொல்லவும்.

தங்கள் இல்லத்தில் அனைவருக்கும் என் அன்பும், சிறியவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்கு,
தங்கள் அத்தான்

பின்குறிப்பு: மேற்கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தை முடித்த கையோடு அந்தப் பரிசோதனைக் கூடத்துப் பெண் அழைத்தாள். மறுசோதனைக்காகக் குழாய்களை எடுத்தபோது மூடியிலிருந்த எண்ணைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாளாம். மார்ச் 3 குழாயில் மார்ச் 31 சீட்டு, மார்ச் 31 குழாயில் மார்ச் 3 சீட்டு. "ரெண்டும் உங்க கையெழுத்துதான் ஐயா, அழகா இருக்கு" என்றாள். ஆக, ஊசிக்குப் பின்தான் ஏராளம்; என் உடம்பு ஒரு கோப்பையும் தொலைக்கவில்லை. டாக்டரம்மாவும் பேசி, கீழே இறங்க அனுமதித்துவிட்டார். கூடத்தில் ஏதோ குளறுபடி என்று மட்டும் உங்கள் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். இக்கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடவும். எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், இடது கையில் பேத்தி இருக்கிறாள், இவ்வளவு நேரமும் பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இதற்கு நேரம் போடவில்லை. மணி என்ன என்று எழுந்து போய்ப் பார்த்தால் இவள் விழித்துக்கொள்வாள். சற்று முன்தான் கண்ணயர்ந்தாள்.