‘பரணில் யாரோ’ படத்தை எடுத்தது யார்?

மனித குலத்தை ஆட்டிவைக்கும் கேள்விகள் மூன்று. உலகத்தைப் படைத்தவர் யார்? செத்த பிறகு எங்கே போகிறோம்? ‘பரணில் யாரோ’ படத்தை இயக்கியவர் யார்? முதல் இரண்டையும் ஞானிகள் பார்த்துக்கொள்கிறார்கள். மூன்றாவது மட்டும் ஞானிகளுக்கு எட்டாததால் எங்கள் திரைக்கலைப் பாதுகாப்புச் சங்கத்திடம் வந்து சேர்ந்தது. சங்கம் உடனடியாக ‘மெய் இயக்குநர் கண்டறியும் குழு’ ஒன்றை அமைத்தது. அதன் செயலாளராகும் பேறு எனக்கு வாய்த்தது.

படம் பழைய பேய்ப்படம். வெளிவந்த காலத்தில் அதைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பரணிலிருந்து அண்டா எடுக்கவே ஆள் கூட்டினார்கள். படத்தின் பேர் வளர வளர, அதை எடுத்தது யார் என்ற தகராறும் வளர்ந்தது. இயக்குநர் என்று போட்டிருந்தது ஒருவர் பெயர். “மாப்பிள்ளை நாற்காலியில உட்கார்ந்திருந்தார். படத்தை எடுத்தது நான்தான்” என்று சொல்லிவந்தவர் தயாரிப்பாளர். இயக்குநரின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

இருவரும் பேச்சை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. இயக்குநரின் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரவில்லை. தாய்மாமன் வீட்டுச் சாவுக்கு இயக்குநர் போகவில்லை. கலைக்காகச் செய்யப்படும் தியாகங்கள் இப்படித்தான் இருக்கும்.

இப்போது படத்தைச் சுத்தப்படுத்திப் புதுப் பிரதியாக வெளியிடும் வேலையைச் சங்கம் எடுத்துக்கொண்டது. இயக்கம் என்று யார் பெயரைப் போடுவது? விசாரணை தொடங்கியது.

குழுத் தலைவர் குடிநீர் வாரியத்தில் பெரிய பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. “பேய்ப்படம் பார்த்தா எனக்குப் படபடன்னு வரும்” என்றார். இதைவிட நடுநிலையான தலைவர் எங்கே கிடைப்பார்?

முதலில் இயக்குநர் வந்தார். “பரண் கதவு தானா திறக்குதே, அது மனுஷனோட உள்மனசுங்க. அதை யோசிச்சது நான்.”

எதிர் நாற்காலியிலிருந்த தயாரிப்பாளர், நடுவில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் சொன்னார்: “அது உள்மனசு இல்ல, உடைஞ்ச தாழ்ப்பாள்னு உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு. உடைஞ்ச தாழ்ப்பாள் இருக்கிற வீடாத் தேடிப் பிடிச்சது நான்.”

“தாழ்ப்பாள் பிடிக்கிறவன் தச்சன், இயக்குநர் இல்லன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு.”

“எனக்குக் காது வலிக்குது. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு குழாய் வெச்சுக் குடுங்க ஐயா” என்றார் அந்த அம்மாள். குழாய் என்றதும் தலைவர் முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து, பேயாக நடித்த அம்மையாரை அழைத்தோம். இப்போது அவருக்குப் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களும் அவரைப் ‘பேய்ப்பாட்டி’ என்றே கூப்பிடுகிறார்களாம்.

“உள்மனசும் இல்ல, தாழ்ப்பாளும் இல்ல. பரண்ல ஒரே தூசி. தும்மினேன். கதவு திறந்துக்கிச்சு.”

தலைவர் யோசித்தார். “அப்போ படத்தை இயக்கினது தும்மலா?”

‘மூன்றாம் தரப்பு உரிமைகோரல்: தும்மல்’ என்று குறித்துக்கொண்டேன். அந்தக் கதவைப் பற்றி இரண்டு பேராசிரியர்கள் தடித்தடியாகப் புத்தகம் எழுதியிருந்தார்கள். இருவருக்கும் தகவல் தெரிவித்தோம். ஒருவர் தும்மலும் உள்மனத்தின் குரலே என்று அடுத்த பதிப்புக்கு முன்னுரை எழுதத் தொடங்கிவிட்டார்.

படத்தைப் பார்த்தால் உண்மை விளங்கலாம் என்று யாரோ ஓர் உறுப்பினர் விபரீதமாக யோசனை சொன்னார். படம் பார்க்கலாமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைத்தோம். பார்க்கலாம் என்று முடிவு வந்தது. பகல் காட்சியாக, ரசிகர்களையும் அழைத்து, புதுப் பிரதியைத் திரையிட்டோம். இயக்குநர் இடது ஓரம், தயாரிப்பாளர் வலது ஓரம். தலைவர் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

எங்கள் சங்கம் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடாது. படத்தை அப்படிச் சுத்தப்படுத்தியிருந்தோம். பழைய பிரதியில் இருட்டாக இருந்த இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பேய் பறந்து வந்தது. அதன் இடுப்பில் கட்டியிருந்த கயிறும் கூடவே வந்தது. பேயின் கையில் கடிகாரம் இருந்தது.

முதலில் ஒருவன் சிரித்தான். பிறகு வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. பேய் நிலைக்கண்ணாடி முன்னால் வந்து நின்றபோது அரங்கமே அதிர்ந்தது. கண்ணாடிக்குள் இரண்டு இளைஞர்கள் தெரிந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி, ஒரே கயிற்றை முன்னும் பின்னுமாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள் மாப்பிள்ளையும் மச்சானும்.

“இந்தக் கூத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. நான் வெறும் பேய்” என்று சொல்லிவிட்டுப் பேய்ப்பாட்டி வெளியே நடந்தார்.

இயக்குநர் தலை குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. வலது ஓரத்திலிருந்து அதைப் பார்த்த தயாரிப்பாளர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“யோவ்! எதுக்குய்யா சிரிக்கிறீங்க? படத்தை எடுத்தது நான்தான். சிரிக்கிறதா இருந்தா என்னைப் பார்த்துச் சிரிங்க. அவரை விட்டுடுங்க!”

இத்தனை காலம் எந்த வாக்கியத்துக்காகச் சண்டை நடந்ததோ, அதே வாக்கியம். இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பொய் சொல்றார்! நான்தான் எடுத்தேன். மச்சான், நீங்க உட்காருங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது.”

“நீங்க உட்காருங்க மாப்பிள்ளை.”

அரங்கில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த அமைதியில் இயக்குநரின் மனைவி திரையையே உற்றுப் பார்த்தார்.

“அடப்பாவிகளா! அது என் துணிக்கொடி! அன்னைக்கு வீடு பூரா தேடினேன். ரெண்டு பேரும் ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னீங்களே!”

இரண்டு கிழவர்களும் ஒரே சமயத்தில் விழித்தார்கள். “மாப்பிள்ளைதான் அவிழ்த்தார்” என்றார் ஒருவர். “மச்சான்தான் அவிழ்க்கச் சொன்னார்” என்றார் மற்றவர். பிறகு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார்கள். ரசிகர்கள் கைதட்டினார்கள். தூணுக்குப் பின்னாலிருந்து தலைவர், “பேய் போயிடுச்சா?” என்று கேட்டார்.

மறுவாரம் இருவரும் ஒரே வண்டியில் சங்க அலுவலகத்துக்கு வந்தார்கள். தயாரிப்பாளரின் கையை இயக்குநர் பிடித்து இறக்கினார்.

“ரெண்டு பேர் பேரையும் போட்டுடுங்க” என்றார் தயாரிப்பாளர். “மாப்பிள்ளை பேர் முதல்ல இருக்கட்டும்.”

“மச்சான் பேர் முதல்ல” என்றார் இயக்குநர்.

குழு கவலையில் ஆழ்ந்தது. சண்டை தீர்ந்துவிட்டால் கூட்டம் எப்படி நடத்துவது? கூட்டம் இல்லாவிட்டால் பயணப்படி எப்படி வரும்? தலைவர் தொண்டையைச் செருமினார்.

“சமாதானம் வேற, சத்தியம் வேற. சம்பந்தப்பட்டவங்க சாட்சியம் செல்லாதுங்க.”

“கண்ணாடியில எங்க ரெண்டு பேரையும் பார்த்தீங்களே ஐயா?”

“தூண் மறைச்சுது.”

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “வாங்க மாப்பிள்ளை, டீ குடிக்கலாம்” என்று தயாரிப்பாளர் அழைக்க, கிளம்பிப் போய்விட்டார்கள். சத்தியத்தில் அக்கறை இல்லாதவர்கள்.

நாங்கள் அப்படி விட்டுவிடவில்லை. பல கூட்டங்கள் நடத்தி, விவாதித்து, சென்ற மாதம் புதுப் பிரதியை வெளியிட்டுவிட்டோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். படம் தொடங்கும்போது முழுத்திரையில் தலைவர் பெயர் வரும். அடுத்து என் பெயர், சற்றே பெரிய எழுத்தில். பிறகு உறுப்பினர்கள், துணைக்குழு, துணைக்குழுவைக் கண்காணித்த குழு, இரு பேராசிரியர்கள். கலைஞர்களுக்குச் சேர வேண்டிய மரியாதையில் நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. இயக்கியவர் பெயர் போடத்தான் இடம் போதவில்லை.